வெள்ளிக்கிழமைகளில் கழுவிய கல்

மூன்று வருடங்கள் குடியிருந்த ஊரை, போன மாதம் ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து சுற்றிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். மகளுக்கு அந்த ஊரில், ஜெர்மனியின் தெற்கே ரேகன்ஸ்பூர்க்கில், வேலை கிடைத்து அங்கே குடிபோய்விட்டாள். நான் இருக்கிற எசன் நகரத்திலிருந்து ரயிலேறி அவளுடைய புதுவீட்டைப் பார்க்கப் போன எனக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் போக்காட்ட அவள் கண்டுபிடித்த வழி அது. "அப்பா, நீங்கள் இங்க இருந்தனீங்கள் எண்டுதான் பேர். ஒண்டும் தெரியாது உங்களுக்கு" என்றாள். உண்மைதான். முதல்நாள் பின்னேரம் டோனாவ் ஆற்றின் மேலிருக்கிற கல்பாலத்தில் நின்றுகொண்டு, இந்தப் பாலம் எப்போது கட்டியது என்று அவள் கேட்டபோது, "அது நாங்கள் வரேக்கையே இருந்தது" என்று பதில் சொன்னவன் நான்.

வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். மடித்த சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடந்தார். பின்னால் நாங்கள் பதினைந்து பேர். உரோமர்கள் இந்த ஆற்றங்கரையில் கோட்டை கட்டியிருந்தார்களாம். அதன் வாசல் வளைவு இன்றைக்கும் ஒரு வெள்ளைச் சுவருக்குள் பாதி புதைந்து நிற்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்தத் தெரு வேறு காரணத்துக்காக ஞாபகம் வந்தது. எத்தனையோ நாள் அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, சப்பாத்துக்குள் போன பனியைத் தட்டிக் கொட்டியிருக்கிறேன். கிட்டத்தட்ட ஈராயிரம் வருடக் கல் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று தட்டியிருப்பேன்.

எனக்குத் தெரிந்த ரேகன்ஸ்பூர்க் பின்பக்கத்தால் தெரிந்த ஊர். எந்தச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவு எந்தச் சந்தில் திறக்கும், எந்தக் குப்பைத்தொட்டியின் மூடி காற்றுக்கு அடித்துக்கொள்ளும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எத்தனை படிகள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பெரிய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் எனக்கு மணிக்கூடு. அது எந்தக் காலத்தது, யார் கட்டியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆற்றோரமாக வந்தபோது இறைச்சி வாட்டுகிற புகையும் ஈரக்கல்லின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. மணம் பொல்லாத சாமான். வழிகாட்டி உப்பு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒரு குசினிக்குள் போய்விட்டேன். கோப்பை கழுவுகிற இயந்திரத்தைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற ஆவி, கறுத்த பன்றிக்கொழுப்பு, புளித்த முட்டைக்கோவா. எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாய் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து அரசாங்கம் பிரித்து அனுப்பியதில் என் பங்குக்குப் பவேரியா விழுந்தது. முகாமில் கொஞ்சக்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை அனுமதி வந்ததும் பழைய நகரத்துக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனேன். அந்தக் கடைக்காரர் தன் கட்டடத்தின் பின்முற்றத்தில் இரண்டு அறைகளை எங்கள் ஐந்து பேருக்கு விட்டிருந்தார். நல்ல மனுசன்.

ஐந்து பேரில் மூத்தவர் சிவநேசன் அண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடப் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டது. அண்ணை அழுகிற ஆளில்லை. ஆனால் வேலை முடிந்து வந்தால் முற்றத்தில் ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி அப்படியே இருப்பார். அப்படி இருந்த ஒரு பின்னேரந்தான் அந்தக் கல்லைக் கண்டுபிடித்தார்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வா. இதைப் பார். சூலமெல்லே?" என்றார்.

சுவரில், ஆள் தலை உயரத்தில், மற்றக் கற்களோடு சேராத ஒரு பலகைக்கல் பதிந்திருந்தது. அதில் வரிவரியாக ஏதோ எழுத்துகள். எங்களுக்குத் தெரிந்த எந்த எழுத்தும் இல்லை. ஆனால் இரண்டாவது வரியில் ஒன்று, மூன்று கிளையோடு நிமிர்ந்து நின்றது. பார்த்தவுடன் சூலந்தான். எங்கள் ஊர்ப்பக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மரமும் ஒரு கல்லும் ஒரு சூலமும் இருந்தால் அங்கே வைரவர் வந்துவிடுவார். கோயிலும் வேண்டாம், ஐயரும் வேண்டாம். இங்கே மரமும் இருந்தது. சுவரோரமாக ஒரு வாடிய எல்டர் மரம்.

"பழைய காலத்து ஆக்கள் ஆரோ வைச்சிருக்கினம். எங்கடை ஆள்தான்" என்றார் அண்ணை. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. என்றாலும் அந்த நேரத்தில் அந்தக் கல் வைரவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை. யார் பூசாரி என்ற கேள்வி வந்தது. என் மாமா ஒருவர் ஊரில் கோயில் தர்மகர்த்தா. அந்த ஒரு தகுதியில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். தேவாரத்தில் முதல் நாலு வரி தெரியும். மிச்சத்தை முணுமுணுத்தால் பக்தி என்று நினைத்தார்கள். ஐப்பசிக் குளிரில் வெறும் மேலோடு வேட்டி கட்டிக்கொண்டு, பியர்க் குவளை வைக்கிற தட்டில் கற்பூரம் கொளுத்திக் காட்டினேன். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடித்தாக வேண்டும். வைரவருக்கு வடைமாலை சாத்துவது வழக்கமல்லவா? உழுந்து வாங்க மியூனிக் போக வேண்டும். எங்களுக்கோ மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் எழுதிக் கேட்டு அனுமதி எடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் உழுந்து என்று எழுத ஏலுமா? துருக்கிக் கடையில் வாங்கிய சிவத்தப் பருப்பில் வடை சுட்டோம். நூலில் கோக்கக் கோக்க உடைந்தது. உடைந்ததை நாங்கள் தின்றோம். மிஞ்சியதை வைரவர் போட்டுக்கொண்டார்.

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, அந்த முற்றம் மாறியது. நாலு பேரும் குளித்துவிட்டு வந்து நிற்பார்கள். அந்த அரைமணி நேரம் நாங்கள் கோப்பை கழுவுகிறவர்கள் இல்லை. என்னை அண்ணையே "ஐயா" என்று பகிடிக்குக் கூப்பிடத் தொடங்கி, பிறகு பகிடியில்லாமல் கூப்பிட்டார். இருபத்திரண்டு வயதில் அது தலைக்கேறும். எனக்கு நன்றாகவே ஏறியது.

விளக்கெரித்துக் கற்பூரம் காட்டினால் கல் கறுக்கும். எண்ணெய் வழிந்து பிசுக்குப் பிடிக்கும். ஊரில் என்றால் விளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்ப்போம். புளிக்கு எங்கே போவது? குசினியில் இயந்திரத்தின் கல்சியத்தை எடுக்க வைத்திருந்த வினாகிரிச் சாரம் இருந்தது. தண்ணீர் கலக்காதது. மூடியைத் திறந்தால் கண்ணெரியும். அதை ஊற்றி, சட்டி தேய்க்கிற கம்பிப் பஞ்சால் தேய்த்தேன். கல் சீறி நுரைத்தது. "அழுக்குப் போகுது பார்" என்று அண்ணை சந்தோசப்பட்டார். சூலம் இருந்த வரியில்தான் புகை அதிகம். அதற்கு இரண்டு முறை ஊற்றுவேன். வெள்ளிக்கு வெள்ளி இதுதான் சடங்கு.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமிலம் பட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். நுரைப்பது அழுக்கில்லை, கல். இதைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நானே செய்து காட்டி, வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணமே சுண்ணாம்புக்கல்லின் மேல் குந்தியிருக்கிற ஊர். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. படித்ததெல்லாம் சோதனையோடு போய்விட்டது என்றுதான் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தேன்.

கல்லின் மேல்விளிம்பில் இடைக்கிடை சின்னச் சின்னக் கூழாங்கற்கள் இருக்கும். இரண்டு அல்லது மூன்று. அயலட்டைப் பிள்ளைகள் விளையாடி வைத்தவை என்று நினைத்துக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவேன். சில கிழமைக்குப் பிறகு பார்த்தால் மறுபடியும் ஒன்று இருக்கும். எனக்குக் கோபம்கூட வந்தது.

வசந்தம் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, நான் கம்பிப் பஞ்சும் கையுமாய் நிற்கும்போது முற்றத்துக்குள் ஒரு முதியவர் வந்தார். சாம்பல் மேலங்கி, தொப்பி. என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், கல்லில் வழிந்த நுரையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இது ஒரு கல்லறைக்கல். ஒரு பெண்ணுடையது. முந்தி இந்த நகரத்தில் இருந்த யூதர்களைத் துரத்திவிட்டு, அவர்களுடைய சுடலையை உடைத்து, கற்களைக் கொண்டுபோய் வீட்டுச் சுவர்களில் பதித்தார்கள். இது அதில் ஒன்று. சொல்லிவிட்டு, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக விரலை நகர்த்தி, இரண்டாவது வரியின் எபிரேய எழுத்துகளை வாசித்தார். எங்கள் சூலமும் அதில் ஓர் எழுத்து. அவளுடைய பெயரைச் சொன்னார். அடுத்த வரிக்கு இறங்கி, இன்னாருடைய மகள் என்றார்.

எங்கள் ஐந்து பேரில் ஜெர்மன் மொழி விளங்குகிறவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையும் எனக்கிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் என் காதில் ஒரு சொல்தான் அடித்துக்கொண்டிருந்தது: கல்லறை. சுடலைக் கல்லுக்கு விளக்கேற்றி, அதற்குப் படைத்த வடையைத் தின்றிருக்கிறோம். துடக்கு, தீட்டு என்பதற்கு மேலே ஏதாவது சொல் இருந்தால் அதுதான் இது. அண்ணைக்குத் தெரிந்தால்? அவர் அப்போது ஒரு நேர்த்தி வைத்திருந்தார். மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தால் வைரவருக்கு நூற்றெட்டு வடையில் மாலை சாத்துவதென்று. அவரைப் பிடித்து வைத்திருந்ததே அந்த நேர்த்திதான். இதையெல்லாம் யோசித்தேன் என்று நல்லபிள்ளைக்குச் சொல்லலாம். யோசித்தேன்தான். ஆனால் அதற்கு முன்னால் யோசித்தது வேறு: இனி என்னை யாரும் ஐயா என்று கூப்பிட மாட்டார்கள்.

பூசைக்குக் குளித்துவிட்டு நாலு பேரும் வந்தார்கள். "ஆரடாப்பா இவர்? என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"இது ஆரோ பழைய மகானின்ரை கல்லாம். நாங்கள் வைச்சுப் பாக்கிறது தனக்குச் சந்தோசமாம்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கைகூப்பிக் கும்பிட்டார். ஓடிப்போய் ஒரு காகிதத்தில் இரண்டு வடை சுற்றிக் கொண்டுவந்து அந்த முதியவரின் கையில் வைத்தார். மற்றவர்களும் கும்பிட்டார்கள். முதியவர் வடையோடு நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இவர்களுக்கு இது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

அவர் நம்பினார். தொப்பியைக் கழற்றி நாலு பேருக்கும் தலைகுனிந்தார். போகும்போது என்னிடம் மட்டும் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டார். கூழாங்கற்களை எடுக்க வேண்டாம், அவை மரியாதைக்கு வைப்பவை. அந்த அமிலத்தை ஊற்ற வேண்டாம், எழுத்துப் போய்விடும். ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

கூழாங்கற்களை அதன்பிறகு எடுக்கவில்லை. வினாகிரி? அடுத்த வெள்ளி ஊற்றவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாம் வெள்ளி, "என்ன ஐயா, சாமி கறுத்துப்போய்க் கிடக்கு" என்று ஒருவர் கேட்டார். போத்தலை எடுத்து வந்தேன். இந்த ஒருமுறைதான் என்று நினைத்தேன். ஒருமுறை அல்ல. அந்த முற்றத்தை விட்டுப் போகும்வரைக்கும் ஊற்றினேன்.

அந்த வருடக் கோடையில் அண்ணையின் மனைவிக்கு விசா வந்தது. அண்ணை குசினித் தரையில் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி வந்து, "வைரவர் கைவிடேல்லை தம்பி" என்றார். நூற்றெட்டு வடை சுட்டோம். இந்த முறை உழுந்து, யாரோ கொண்டுவந்து தந்தது. நான் மணியடித்தேன். கொஞ்சக்காலத்தில் ஒவ்வொருவராகப் பிரிந்தோம். அண்ணை குடும்பத்தோடு கொலோன் போனார். நான் எசனில் ஆஸ்பத்திரி ஒன்றில் சமையல் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி எடுத்து, அங்கேயே நிரந்தரமாகி, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, தலை நரைத்தேன். அந்த முதியவரை நான் மறுபடி காணவில்லை. தேடவுமில்லை.

சிவப்புக் குடை இப்போது ஒரு பெரிய வெட்டவெளிச் சதுக்கத்தில் நின்றது. நானும் அந்தக் குசினியை விட்டு வெளியே வந்தேன். இந்தச் சதுக்கம் எனக்குத் தெரியும். வெயில் நாட்களில் இங்கேதான் பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவேன். ஏன் இந்த நெருக்கமான பழைய ஊருக்கு நடுவில் இப்படியொரு வெறும் இடம் என்று நான் கேட்டதேயில்லை. வழிகாட்டி சொன்னார். இங்கே ஒரு முழுக் குடியிருப்பு இருந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால், பேரரசர் செத்த இடைவெளியில், நகரசபை யூதர்களை வெளியேறச் சொன்னது. சில நாட்கள்தான் தவணை. வீடுகளையும் தொழுகைக் கூடத்தையும் இடித்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த சுடலையில் ஆயிரக்கணக்கான கற்களைப் பிடுங்கினார்கள். இப்போது தொழுகைக் கூடம் நின்ற இடத்தில் அதன் தரைவடிவத்தை வெள்ளைக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் நான் விட்டுவந்த வீட்டை நினைப்பேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நான் நினைத்தது வேறு. எங்கள் யாழ்ப்பாணத்திலும், தொண்ணூறாம் ஆண்டில், ஒரு சனத்துக்கு, எங்களோடு ஒரே தமிழ் பேசிய முஸ்லிம் சனத்துக்கு, மணித்தியாலக் கணக்கில் தவணை கொடுத்து அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் எங்கள் ஆட்கள். செய்தி வந்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். பாவங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

அங்கிருந்து குடை ஒரு சந்துக்குள் திரும்பியதும் என் கால் தயங்கியது. அந்தச் சந்தை இருட்டிலும் எனக்குத் தெரியும். எங்கள் பின்முற்றம் இப்போது கஃபே. எல்டர் மரம் இல்லை. சுவரை வெள்ளையடித்திருந்தார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் கண்ணாடி போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கப் பலகை வைத்திருந்தார்கள்.

"இது ஒரு பெண்ணின் கல்லறைக்கல்" என்று வழிகாட்டி தொடங்கினார். "முதல் வரி தெளிவாக இருக்கிறது. மூன்றாவது வரியில் தகப்பன் பெயர் யோசேப் என்று படிக்கலாம். யோசேப்பின் மகள். ஆனால் இந்த இரண்டாவது வரியைப் பாருங்கள், முழுக்க அழிந்துவிட்டது. அங்கேதான் அவளுடைய பெயர் இருந்திருக்கும். தனியார் முற்றம் என்பதால் முந்தி யாரும் இதைப் பிரதி எடுத்து வைக்கவில்லை. மழையும் வாகனப் புகையும் செய்த வேலை."

மழையும் புகையும். முற்றத்துக்குள் மழைச்சாரல் அந்தச் சுவரில் படாது. மேலே கூரை நீட்டு இருக்கிறது. வாகனம் உள்ளே வராது. அந்த வரி இருந்த இடம் வழவழவென்று, தேய்த்த சட்டியின் அடிபோல இருந்தது. என் தேய்ப்பை எனக்குத் தெரியாதா?

"அப்பா, நீங்கள் இருந்த இடம் இந்தப் பக்கம்தானே? இந்தக் கல்லை அப்ப கண்டனீங்களோ?" என்று மகள் கேட்டாள்.

"ஞாபகமில்லைப் பிள்ளை" என்றேன்.

வழிகாட்டி எல்லோரையும் பார்த்து, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய கண் என்னிடம் கொஞ்சம் நின்றது. என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

ரயிலில் ஆறு மணித்தியாலம். கள்ளன் மாதிரி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்த முதியவர் என் முன்னால் நின்று அவளுடைய பெயரை வாய்விட்டு வாசித்தார். உலகத்திலேயே அந்தப் பெயரைக் காதால் கேட்ட ஆள் இன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை தரம் கண்ணை மூடிப் பார்த்தும், அவருடைய விரல் நகர்வது தெரிகிறது, தொப்பி தெரிகிறது, வாய் அசைவது தெரிகிறது. சத்தம் வரவில்லை. அந்த நேரம் நான் பொய்யை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் கொலோனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணைக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது, அது எனக்கு நல்ல தண்டனை. முதியவர் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, இரண்டையும் சொன்னேன். வினாகிரியைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.

"அப்ப அது வைரவர் இல்லை" என்றார்.

"இல்லை அண்ணை."

"ஒரு மனுசியின்ரை தலைமாட்டுக் கல்."

"ஓம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். துடக்கு என்பார், இத்தனை வருடம் ஏமாற்றினாயே என்பார் என்று நினைத்தேன்.

"அப்ப, என்ரை மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட்டுத் தந்தது அவதான்" என்றார். "வைரவர் எண்டு நான் கும்பிட்டது அவவைத்தானே. கேட்டது அவவிட்டைத்தானே. தந்தவ. தம்பி, அவவின்ரை பேர் என்ன? கோயிலிலை ஒரு அர்ச்சனை செய்ய வேணும். பேர் சொல்லு."

அதற்குப் பிறகுதான் வினாகிரியைச் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாருங்கள், ஒப்புக்கொள்கிற இடத்திலும் ஒளிக்கிற புத்தி போகவில்லை. அந்த வழிகாட்டியின் மின்னஞ்சல் முகவரியை மகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். "மதிப்புக்குரிய அம்மணி" என்பதைத் தாண்டி இன்னும் ஒரு வரியும் போகவில்லை.

அண்ணையோடு பேசிய மூன்றாம் நாள் காலை அவரிடமிருந்து வட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒரு சொல்லும் இல்லை. முதலாவது வெள்ளிக்கிழமை எடுத்தது. கொழும்புக்கு மனைவிக்கு அனுப்பி, அவர் திரும்பக் கொண்டுவந்து இத்தனை வருடமும் அல்பத்தில் கிடந்த படம். வினாகிரி படாத கல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியில் ஒவ்வொரு எழுத்தும் வெட்டியதுபோலத் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது வரியும் தெரிகிறது, யோசேப் என்பது அதிலேதான் எங்கேயோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், கையில் தட்டை ஏந்தி, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் நான் நிற்கிறேன். இரண்டாவது வரி என் தலைக்குப் பின்னால் இருக்கிறது.